டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் கனூ பந்தயம்: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் இந்தக் கனூ, அதாவது துடுப்புப் படகுப் பந்தயத்தைத் துடுப்புக்காரர்கள் ‘டி.டபிள்யூ.’ என்றே சொல்வார்கள். டிவைசஸ் ஊரின் படகுத்துறையில் தொடங்கி லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே முடிகிறது. மொத்தம் 125 மைல், அதாவது 201 கிலோமீட்டர். ரெடிங் வரை சுமார் 54 மைல் கென்னட்–ஏவன் கால்வாய், அதன்பின் தேம்ஸ் ஆறு. தேம்ஸிலும் டெடிங்டனுக்குக் கீழே வரும் கடைசி 17 மைலில் கடல் ஓதம் ஏறி இறங்கும். வழியில் 77 இடங்களில் படகைவிட்டு இறங்கி, தோளில் தூக்கிக்கொண்டு போய், மறுபடி தண்ணீரில் விட வேண்டும்.

உரிமம் ஓரிடத்தில், ஓத அட்டவணை வேறிடத்தில், ஆற்று எச்சரிக்கை இன்னோரிடத்தில் என்று தகவல்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பதும் ஏற்கெனவே துடுப்புப் போடத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. ஒவ்வொன்றாகத் தேடி நான் பட்ட அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதால் இந்தக் குறிப்பு. அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகம்தான் கடைசிச் சொல். அதைப் படிக்கும்போது எதை முதலில் பார்ப்பது, எதை ஆழ்ந்து படிப்பது என்று காட்டுவது மட்டுமே இதன் வேலை.

1. ஒரே மூச்சா, நான்கு நாளா?

இருவர் படகில் இரவு பகல் நிற்காமல் சனிக்கிழமை தொடங்கி ஞாயிறு முடிப்பது பெரியவர்களுக்கான பிரிவு. இதற்கான சாதனை நேரம் 15 மணி 34 நிமிடம். 1979இல் பிரையன் கிரீன்ஹாம், டிம் கோர்னிஷ் இணை வைத்தது. இதை ஆசைகாட்டச் சொல்லவில்லை. முதல்முறை போகும் சாதாரண இணைக்கு 24 மணி நேரத்தை ஒட்டி ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இன்னொரு வழி, பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை நான்கு நாள் கட்டங்களாகப் போவது. முதல் நாள் நியூபெரி, இரண்டாம் நாள் மார்லோ, மூன்றாம் நாள் டெடிங்டன் பக்கம், நான்காம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர். இளையோர் இணைகளும் தனிப்படகுக்காரர்களும் இப்படித்தான் போகிறார்கள். போட்டி மனப்பான்மை இல்லாமல் முடித்தால் போதும் என்பவர்களுக்கும் இதில் இடமுண்டு.

என் கருத்தைக் கேட்டால், இரவில் ஆற்றில் துடுப்புப் போட்ட பழக்கம் இல்லாதவர்கள் நான்கு நாள் பிரிவையே எடுங்கள். ஒரே மூச்சில் போவதில் உடல் வலியைவிட, விடியற்காலை மூன்று மணிக்கு எது தண்ணீர், எது கரை என்று தெரியாமல் போவதுதான் ஆபத்து.

2. காகித வேலைகள்

உங்கள் படகு மூன்று அமைப்புகளின் தண்ணீரைக் கடக்கிறது. கால்வாய், கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டுடையது. ரெடிங் முதல் டெடிங்டன் வரை தேம்ஸ், என்விரான்மென்ட் ஏஜென்சியின் பொறுப்பு. அதற்குக் கீழே லண்டன் துறைமுக ஆணையம்.

முதல் இரண்டுக்கும் படகு உரிமம் தேவை. தனித்தனியாக வாங்க அலைய வேண்டாம். பேடில் யூ.கே. அமைப்பில் உறுப்பினரானால் இரண்டும் அதிலேயே அடங்கும், மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து வரும். 2024 வரை பிரிட்டிஷ் கனூயிங் என்ற பெயரில் இருந்தது இதே அமைப்புதான். பழைய பெயரைத் தேடிக் குழம்ப வேண்டாம். பெரியவர்களுக்கான ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 50 பவுண்டு. இருவர் படகு என்றால் இருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒருவர் அட்டையில் மற்றவர் ஒண்டிக்கொள்ள முடியாது. உறுப்பினர் காலம் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் முடிந்துவிடாமல் தேதியைப் பாருங்கள்.

பதிவின்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: இருவரின் உறுப்பினர் எண்கள், அவசரத் தொடர்பு, உடல்நலக் குறிப்பு, கரையோரமாகக் காரில் உணவோடு தொடரும் துணைக்குழுவினரின் கைபேசி எண்கள். 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து. ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். பதிவை மறுத்துவிடுவார்களோ என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். நள்ளிரவில் நீங்கள் சுருண்டு உட்கார்ந்திருக்கும்போது முதலுதவிக்காரர் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்குச் சாதாரண வருகையாளர் விசா போதும். சம்பளம் வாங்காத விளையாட்டுக்காரர் போட்டியில் கலந்துகொள்ள அதில் அனுமதி உண்டு. பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பிக்கத் தொடங்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். பதிவு உறுதியான கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஆனால் பந்தயத்துக்கு மட்டும் வந்து இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். குறைந்தது ஒரு குளிர்காலம் இங்கே பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு நல்ல வழி, பிப்ரவரி, மார்ச்சில் கென்னட்–ஏவன் கால்வாயில் நடக்கும் வாட்டர்சைடு தொடர் பந்தயங்கள். ஒன்றைவிட ஒன்று நீளமாகும். கடைசியானது டிவைசஸ் முதல் நியூபெரி வரை 34 மைல். அதாவது டி.டபிள்யூ.வின் முதல் பகுதியே உங்களுக்கு ஒத்திகையாகக் கிடைக்கிறது. அதை முடித்த மாலையில் படகிலிருந்து இறங்கி, ‘இன்னும் 91 மைல் போக முடியுமா?’ என்று உங்களையே கேளுங்கள். பிரிவை மாற்ற வேண்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

3. படகும் பணமும்

‘கே2’ என்பது இருவர் அமரும் பந்தயக் கயாக். ஆறரை மீட்டர் நீளம், ஒல்லியான உடம்பு. வேகமானது, ஆனால் சரியாக உட்காரத் தெரியாதவரைக் கவிழ்த்துவிடும். கடைக்காரரும் பழைய ஆட்களும் வேகமான மாதிரியையே புகழ்வார்கள். நீங்கள் நிலையான மாதிரியை எடுங்கள். பயிற்சி நாளில் மணிக்கு அரை மைல் கூடுதலாகக் கொடுக்கும் படகு, களைத்துப்போன இரவில் ஒருமுறை கவிழ்ந்தாலே அத்தனையையும் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

புதுப்படகு ஆயிரக்கணக்கான பவுண்டு. பழைய கே2, நிலையைப் பொறுத்து 500 முதல் 1,500 பவுண்டுக்குள் கிடைக்கும். துடுப்பு ஒன்று 150 முதல் 300. மிதவைச் சட்டை 50 முதல் 100. எல்லாம் தோராயம்தான். இதில் ஒன்றையும் வாங்காமலே தொடங்க முடியும். நியூபெரி, ரெடிங், டிவைசஸ், ரிச்மண்ட் ஊர்களின் கனூ சங்கங்களில் சேர்ந்தால் சங்கப் படகை ஓட்டலாம், பழகிய துணையும் கிடைக்கும். அக்டோபரில் போய்ச் சேருங்கள். பிப்ரவரியில் போய் நின்றால் நல்ல படகுகளுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கும்.

யாரும் கணக்கில் சேர்க்காத செலவு கரையில் இருக்கிறது. துணைக்குழுவின் இரண்டு கார்களுக்கு எரிபொருள், அவர்களுக்குத் தங்குமிடம், படகைக் கூரையில் கட்டும் பட்டைகள், பயிற்சிப் பந்தயங்களின் பதிவுக் கட்டணம். இவை சேர்ந்து பழைய படகின் விலையைத் தொட்டுவிடும்.

படகின் முன்னும் பின்னும் மிதவை நுரை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்காமல் உங்களைத் தாங்க வேண்டும். சுக்கான் கம்பியை முந்தைய வாரமே புதிதாக மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் கரையில் நின்று கட்டுவதற்குள் கை விறைத்துவிடும்.

4. டெடிங்டனிலிருந்து பின்னோக்கி நேரம் போடுங்கள்

நிற்காமல் போகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

டெடிங்டனுக்குக் கீழே தண்ணீர் ஒரு திசையில் மட்டும் ஓடாது. ஓதம் ஏறும்போது கடலிலிருந்து மேல்நோக்கி வரும். வற்றும்போது லண்டனை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். களைத்த இணை ஏறும் ஓதத்தை எதிர்த்து 17 மைல் போக முடியாது. அதனால் உச்ச ஓதத்தை ஒட்டிய குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள்தான் டெடிங்டனைக் கடக்க விடுவார்கள். அந்த நேரம் ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். முந்தி வந்தால் ஈர உடையோடு கரையில் காத்திருக்க வேண்டும். பிந்தி வந்தால் 108 மைல் வந்ததோடு பந்தயம் முடிந்தது.

இந்த நேரம் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது? ஈஸ்டர் என்பது பௌர்ணமியை ஒட்டிக் குறிக்கும் நாள். மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. ஓதமும் நிலவைப் பார்த்தே நடக்கிறது. பௌர்ணமி கழிந்து எத்தனையாவது நாளில் ஞாயிறு விழுகிறது என்பதைப் பொறுத்து உச்ச ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே சென்ற ஆண்டு போனவரிடம் ‘நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?’ என்று கேட்டு அதே நேரத்தைப் போடாதீர்கள். அவருக்குச் சரியாக இருந்தது உங்களுக்கு நாலைந்து மணி நேரம் தவறாக இருக்கலாம்.

கணக்கு இப்படி. டெடிங்டன் வரை 108 மைல். தூக்கி ஓடுவது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்கு ஐந்து மைல் என்றால் ஏறத்தாழ இருபத்தொன்றரை மணி நேரம். டெடிங்டனைக் கடக்க விடும் நேரம் ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆறரைக்குப் போய்ச் சேர்வது இலக்கு. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் சனி காலை 9 மணிக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பும் நேரத்துக்கும் போட்டியில் வரம்பு உண்டு. உங்கள் கணக்கு அதற்குள் வராவிட்டால் வேகத்தை மறுபடி யோசியுங்கள்.

இதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்குக் கடிகாரம் இரண்டு மணிக்குத் தாவும். ஈஸ்டர் சில ஆண்டுகளில் அதே ஞாயிறில் விழுகிறது. 2024இல் மார்ச் 31 அப்படித்தான் அமைந்தது. 2027இல் மார்ச் 28 அப்படியே வருகிறது. அந்த இரவில் உங்களுக்கு ஒரு மணி நேரம் காணாமல் போகும். மேலே சொன்ன கணக்கில் 9 மணி என்பது 8 மணியாக வேண்டும். ஓத அட்டவணைகள் சில, கோடை நேரம் சேர்க்காத கிரீன்விச் நேரத்தில் அச்சாகும். எந்த நேரம் என்று தலைப்பில் பார்த்துவிட்டே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் பாலத்துக்கான அட்டவணை கையில் இருந்தால், டெடிங்டனில் உச்சம் அதிலிருந்து சுமார் ஒரு மணி நேரம் கழித்து வரும்.

சராசரி வேகத்தைக் கால்வாயை வைத்து மட்டும் கணிக்காதீர்கள். கால்வாயில் நீரோட்டம் உங்களை இழுக்காது. மழைக்காலம் நன்றாக இருந்திருந்தால் தேம்ஸ் தள்ளிக் கொடுக்கும். வறண்ட வசந்தத்தில் அதுவும் குளம் மாதிரி நிற்கும்.

5. உடம்பிலும் படகிலும் இருக்க வேண்டியவை

மிதவைச் சட்டை கட்டாயம், அதில் பேச்சே இல்லை. தளர்வாகப் போட்டுக்கொண்டு வந்தால் சோதனையில் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். காதுவரை ஏறினால் இறுக்கச் சொல்வார்கள். மிச்சப் பட்டியலை விதிப்புத்தகத்திலிருந்து ஒரு தாளில் எழுதிப் படகுப் பையில் ஒட்டிவிடுங்கள். ஆண்டுதோறும் சிறு மாற்றங்கள் இருக்கும். நான் எடுத்துப்போகச் சொல்பவை: விசில், உடல் சூட்டைக் காக்கும் வெள்ளித்தாள் போர்வை, நீர்புகாப் பையில் ஒரு செட் உலர்ந்த உடை, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, கம்பளித் தொப்பி, தலைவிளக்கு, மாற்று மின்கலம்.

பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் பெரும்பாலும் பத்து டிகிரிக்குக் கீழே. இரவில் காற்று உறைநிலையைத் தொடும். நம் ஊர் மார்கழியை வைத்து இதைக் கற்பனை செய்ய முடியாது.

இருட்டில் போகும் எந்தச் சிறு படகும் மோதலைத் தவிர்க்கக் காட்டும்படி வெள்ளை விளக்கைக் கையருகே வைத்திருக்க வேண்டும் என்பது பொது நீர்வழி விதி. சிவப்பும் பச்சையும் பெரிய படகுகளின் இடம் வலம் காட்டும் நிறங்கள். அலங்காரத்துக்காக அந்த நிறத்தில் எதையும் முன்னால் ஒட்டாதீர்கள். எதிரே வருபவர் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்வார்.

6. லாக்கும் தூக்கி ஓடுவதும்

நீர்மட்டம் மாறும் இடங்களில் படகுகளை ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டிக்கு ‘லாக்’ என்று பெயர். பந்தயத்தில் நீங்கள் அதற்குள் நுழையக் கூடாது. முன்னாலேயே இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், கீழே இறக்க வேண்டும். இதுதான் ‘போர்ட்டேஜ்’. படகை நீங்கள் இருவரே தூக்க வேண்டும். பாசத்தில் மச்சான் ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தாலும் அது விதிமீறல். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

77 போர்ட்டேஜ். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஐந்து நிமிடம் என்றால் ஆறு மணி 25 நிமிடம். வேகமாகத் துடுப்புப் போட்டு இந்த நாலு மணி நேரத்தைச் சம்பாதிக்கவே முடியாது. ஆகவே பயிற்சியில் பாதியை இறங்குவது, தூக்குவது, ஏறுவதற்கே ஒதுக்குங்கள். யார் முதலில் இறங்குவது, எந்தத் தோள், எந்தப் பக்கம் திரும்புவது என்று பேசி வைத்து, பேசாமலே செய்யும்வரை பழகுங்கள்.

காலணி, அடியில் பிடிப்புள்ள, தண்ணீர் வடியும் ஓட்டக் காலணியாக இருக்கட்டும். கால்வாய்ப் பாதை சேறு. லாக் ஓரத்துக் கல்லில் பாசி. அங்கே ஓடாதீர்கள். விரைந்து நடந்தால் போதும்.

7. கால்வாய்: மூன்று இடங்கள்

காணொளிகளில் வரும் 29 லாக்குகள் கொண்ட கான் ஹில் படிவரிசை டிவைசஸுக்கு மேற்கே இருக்கிறது. உங்கள் வழியில் அது இல்லை. மாறாக, தொடங்கியதும் வூட்டன் ரிவர்ஸ் வரை 15 மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. எல்லாரும் இங்கேதான் உற்சாகத்தில் சக்தியை இறைக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் இடுப்பு மரத்துப்போவதும் இங்கேதான்.

அடுத்து புரூஸ் சுரங்கம், 459 மீட்டர். உள்ளே நடைபாதை கிடையாது. விளக்கை முன்னரே போட்டு, வலப்பக்கம் ஒட்டிப் போங்கள். எதிரே குடும்பத்தோடு நீள வீட்டுப்படகு வந்தால் வேகத்தைக் குறைத்து வழிவிடுங்கள். பந்தயக்காரர் என்பதால் உங்களுக்கு முன்னுரிமை எதுவும் இல்லை. சுரங்கத்துக்கு அப்பால் கிராஃப்டனில் ஒன்பது லாக்குகள் வரிசையாக வரும்.

நியூபெரிக்குக் கீழே கால்வாயும் கென்னட் ஆறும் கலந்து கலந்து போகும். இதில் வூல்ஹாம்ப்டன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாக்குக்கும் கீழே உள்ள சுழல் பாலத்துக்கும் நடுவில் ஆறு பக்கவாட்டில் வந்து சேர்கிறது. ஆறு நிறைந்திருக்கும் நாளில் குறுக்கு நீரோட்டம் படகைப் பாலத்தோடு சேர்த்து அழுத்திவிடும். அங்கே நடுவர்கள் எங்கே இறங்கச் சொல்கிறார்களோ அங்கே இறங்குங்கள். ‘முன்னால் போனவர்கள் ஓட்டிக்கொண்டுதானே போனார்கள்’ என்று பார்க்க வேண்டாம். தாழ்ந்த சுழல் பாலங்கள் இன்னும் பல உண்டு. குனிய முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் குனிந்து போங்கள்.

8. இரவுத் தேம்ஸ்

பெரும்பாலான புதியவர்கள் ரெடிங்கைத் தொடும்போது இருட்டிவிடும். இனி ஆறு அகலம், நீரோட்டம் உண்டு, லாக்குகளுக்குப் பக்கத்திலெல்லாம் தடுப்பணை உண்டு. இந்தப் பந்தயத்தில் உயிருக்கு ஆபத்தான இடம் எது என்று கேட்டால் தடுப்பணையைத்தான் சொல்வேன். மேலிருந்து வரும்போது அது தெரியாது. தண்ணீர் மட்டமாக, அமைதியாக ஓடுவதுபோலவே இருக்கும். இரைச்சல் கேட்கும்போது விலக நேரம் இருக்காது.

ஒவ்வொரு லாக்குக்கும் முன்னால் ஆறு எந்தப் பக்கம் பிரிகிறது, இறங்கும் துறை எந்தக் கரை என்று வரைபடத்தில் குறித்து, ஒரு வரிக்கு ஒரு லாக்காக எழுதி, நீர்புகா உறையில் முன்னிருக்கையில் ஒட்டுங்கள். ஆற்றின் அந்தப் பகுதியை மட்டும் பகலில் ஒருமுறை துடுப்புப் போட்டுப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. எச்சரிக்கைப் பலகையோ குறுக்கே மிதக்கும் தடுப்புக் கட்டைகளோ கண்ணில் பட்டால் தவறான கிளையில் இருக்கிறீர்கள். உடனே கரைக்கு வாருங்கள். எதிர்நீச்சலாகத் திருப்பப் பார்க்காதீர்கள்.

லாக்குகளில் என்விரான்மென்ட் ஏஜென்சி வைக்கும் பலகைகளைப் பந்தய வாரம் முழுதும் கவனியுங்கள். மஞ்சள் பலகை, நீரோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொல்லும். சிவப்பு என்றால் ஓட்டம் பலமாக இருக்கிறது, படகை இறக்காதே என்ற எச்சரிக்கை. வெள்ளம் அதிகமானால் அமைப்பாளர்கள் வழியைச் சுருக்குவார்கள், பிரிவை ரத்து செய்வார்கள். விடுதி முன்பதிவு செய்யும்போது ரத்து வசதி உள்ளதாகவே எடுங்கள். பயிற்சி நாளில் சிவப்புப் பலகையைப் பார்த்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

9. கரையில் நிற்பவர்கள்

நல்ல துணைக்குழு இல்லாமல் முதல்முறைக்காரர் இதை முடிப்பது அரிது. நான்கு பேர், இரண்டு கார். ஒரு கார் உணவு கொடுக்கும்போது மற்றது அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். ஓட்டுநர்கள் மாறி மாறித் தூங்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கிராமத்துச் சாலையில் கார் ஓட்டுவது ஆற்றைவிடப் பெரிய ஆபத்து. துணைக்குழு வரக் கூடாத இடங்களும், கார் நிறுத்தக் கூடாத இடங்களும் விதிப்புத்தகத்தில் இருக்கும். அவர்கள் மீறினால் தண்டனை உங்கள் தலையில் விழும்.

உணவில் நம் கைவசம் நல்லது இருக்கிறது. குழையச் செய்த தயிர்சாதம், உப்புப் போட்ட கஞ்சி, குடுவையில் சூடான ரசம். குளிரில் நடுங்கும் வயிற்றுக்கு அந்த ரசம் போல எதுவும் இறங்காது. புளிச்சோறும் பொரியலும் வேண்டாம், நெஞ்சைக் கரிக்கும். ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் மட்டும். “இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டுப் போடா” என்று பிடித்து வைக்கும் அத்தையை வெஸ்ட்மின்ஸ்டரில் நிற்கச் சொல்லுங்கள்.

துணைக்குழுவின் முக்கிய வேலை பார்ப்பதுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அடுத்த லாக் பெயர் என்ன? பதில் குழறினால், பொத்தானைப் போடத் தடுமாறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், உடல்சூடு இறங்குகிறது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் அது இன்னும் மோசம். ஈர உடையைக் களைந்து, போர்த்தி, முதலுதவியைக் கூப்பிட வேண்டும். ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரத்தை முன்பே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களுக்குப் பயப்படாதவராக இருக்கட்டும்.

வலி மாத்திரையில் ஐபுப்ரோஃபென் வேண்டாம். நீர்ச்சத்து குறைந்த உடம்பில் பல மணி நேர உழைப்போடு அது சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

10. டெடிங்டனுக்குக் கீழே

அவசரமென்றால் 999 அழைத்து, இங்கே கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும். டெடிங்டனிலும் சிஸ்விக்கிலும் உயிர்காப்புப் படகு நிலையங்கள் உண்டு. ரிச்மண்டில் உள்ள தடுப்புக் கதவுகள் உச்ச ஓதத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம் மேலே தூக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் அங்கேயும் தூக்கி நடக்க வேண்டியதுதான்.

பாலங்களில் தூண்களுக்கு நடுவே படகு போகும் எல்லாக் கண்களும் திறந்திருக்காது. தலைகீழ் முக்கோணமாக மூன்று சிவப்பு வட்டுகள் தொங்கினால் அந்தக் கண் மூடியது. வைக்கோல் கட்டு தொங்கினால் உயரம் குறைவு. பட்னியிலிருந்து பயணிகள் படகுகள் ஓடும். அவை எழுப்பும் அலை கரைச்சுவரில் மோதித் திரும்பி இரண்டு பக்கமும் அடிக்கும். துடுப்பை நிறுத்தாதீர்கள். ஓடும் துடுப்புதான் படகை நிமிர்த்தி வைக்கும். கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுங்கள். கரை பக்கம்தானே என்று படகைவிட்டு நீந்தக் கிளம்பாதீர்கள்.

11. விலகுவதென்றால்

சொல்லிவிட்டு விலகுங்கள். பந்தயக் கட்டுப்பாட்டு எண்ணுக்குப் பேசி, உங்கள் படகு எண்ணைக் கொடுத்து, அவர்கள் குறித்துக்கொண்டதை உறுதி செய்த பிறகே காரில் ஏறுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்த் தூங்கினால், இருட்டில் உங்களைத் தேடி ஆட்கள் ஆற்றில் இறங்குவார்கள்.

12. முடிந்த பிறகு

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துப் படிக்கட்டில் ஏறியதும் உடை மாற்ற வேண்டும், பிறகுதான் புகைப்படம். ஆறரை மீட்டர் படகோடு கார் அங்கே நிற்க இடம் கிடையாது. எங்கே ஏற்றுவது என்று முன்பே பார்த்து வையுங்கள். அது, லண்டனின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்ட வசூலிக்கும் நெரிசல் கட்டண எல்லைக்குள் வரும் பகுதி. ஞாயிறிலும் பொது விடுமுறையிலும் பகல் 12 முதல் மாலை 6 வரை கட்டணம் உண்டு. பழைய டீசல் கார் என்றால் புகைக் கட்டணம் 12.50 பவுண்டு தனி. புகை அளவுக்கான யூரோ 6 தரத்துக்கு முந்தைய டீசல் கார்கள் எல்லாம் அதில் மாட்டும்.

உள்ளங்கைக் கொப்புளங்களைச் சுத்தமான தண்ணீரில் கழுவி மூடுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி வந்தால் களைப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடமோ மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணிலோ, ஆற்றுத் தண்ணீரில் இருந்ததைச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொடங்கும். நீங்களாகச் சொல்லாவிட்டால் அவர்கள் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைப்பார்கள்.